அண்ணாந்தான் எஸ்ரோன்

எஸ்ரோன் என்று கூப்பிட்டால் அவன் திரும்பக் கொஞ்ச நேரமாகும். எங்கள் தீவின் வாதுகா கரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லாருக்கும் அவன் அண்ணாந்தான். பேர் வைத்தது யாரென்று கேட்டால் ஆளாளுக்கு நான்தான் என்று மார்தட்டுவார்கள். அவன் பெண்டாட்டி நெல்மா மட்டும், "நான் வைக்கல. வச்சவங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும்" என்பாள்.

அவன் பிறக்கும்போதே அண்ணாந்து பிறந்தவனில்லை. நாற்பது வயது தாண்டும் வரைக்கும் எங்கள் எல்லாரையும் போலக் குனிந்தேதான் பிழைத்தான். தேங்காய் பொறுக்கினான், உடைத்தான், கொப்பரை வாட்டினான், புகையில் கண் சிவந்தான். பாக்கும் சுண்ணாம்பும் மெல்லுவான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவான், ஒரு வம்பு தும்புக்கும் போகமாட்டான். வண்டு வராமல் இருந்திருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருந்திருக்கும்.

வண்டு கப்பலில் வந்தது என்கிறார்கள். மூக்கில் கொம்பு வைத்த காண்டாமிருக வண்டு. தலைநகர் ஹோனியாராவிலிருந்து விவசாய ஆபீஸ்காரர்கள் படகில் வந்து, ஊரைக் கோயிலில் கூட்டி, பாட்டிலில் அடைத்த ஒன்றைக் காட்டினார்கள். இது தென்னையின் குருத்தைத் துளைத்து உள்ளே போய் தின்னும், குருத்து விரியும்போது ஓலையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியது மாதிரி தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கும், அடியில் நின்று நேராக மேலே பார்த்தால்தான் வெட்டு தெரியும் என்றார்கள். மாதம் ஒருமுறை எல்லாத் தோப்பிலும் மரத்தடியிலிருந்து மேல்நோக்கிப் படமெடுத்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும்.

ஒருவரும் கை தூக்கவில்லை. எஸ்ரோன் அந்த நேரம் கோயில் விட்டத்தில் இரண்டு பல்லிகள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதோ, அவரு இப்பவே மேலதான் பாக்குறாரு. அவரே செய்யட்டும்" என்றாள் ஆபீஸ்காரி. சிரிப்பு அடங்குவதற்குள் போன் அவன் கைக்கு வந்துவிட்டது.

நின்றுகொண்டு எடுத்தால் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் படுக்க ஆரம்பித்தான். முதலில் முற்றிய காய் ஏதாவது தலைக்கு நேரே தொங்குகிறதா என்று பார்ப்பான். பிறகு மரத்தில் தலையை ஒட்டி மல்லாந்து படுத்து, போனை மூக்குக்கு மேலே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்று எடுப்பான். மட்டைகள் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரிந்து, நடுவில் குருத்தும், இடுக்கெல்லாம் வானமுமாகப் படம் விழும்.

இதில் ஒரு சங்கடம். எங்கள் ஊரில் படுத்திருக்கும் ஆணைப் பெண்கள் தாண்டக் கூடாது. தலைப்பக்கம் ஒட்டி நடக்கவும் கூடாது. தோப்புக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் இவன் நீட்டிப் படுத்துவிட்டால், கிழங்குக் கூடையோடு வருகிற பெண்கள் வரிசையாக நின்றுவிடுவார்கள்.

"எழுந்திருய்யா அண்ணாந்தான், கூடை கழுத்த முறிக்குது!"

"ஒரு நிமிஷம். மேகம் மறைக்குது, வெயில் வரட்டும்."

"வெயில் வந்தா உனக்குப் படம் வரும். எங்க வீட்டு அடுப்புல என்ன வரும்?"

பொறுமை போனவர்கள் எட்டிக் குனிந்து திட்டுவார்கள். அவர்கள் முகவாயும் மூக்கு ஓட்டையும் படத்தில் விழும். அவனுக்கு அழிக்கத் தெரியாது. எடுத்ததெல்லாம் அப்படியே ஹோனியாராவுக்குப் போகும். "என் மூக்க கவர்மெண்டுக்கு அனுப்பிட்டியாமே?" என்று ஒருத்தி அவனை விளக்குமாற்றோடு துரத்தியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அனுப்பிய ஒவ்வொரு தடவையும் ஆபீஸிலிருந்து ஒரே பதில்தான் வரும். 'கிடைத்தது. நன்றி. அடுத்த மாதமும் அனுப்பவும்.' மேற்குத் தோப்பில் முதல் முக்கோண வெட்டைக் கண்ட அன்று அவன் பதறிப்போய், 'வந்துவிட்டது, இப்போது என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டான். 'கிடைத்தது. நன்றி. அடுத்த மாதமும் அனுப்பவும்.' வண்டு எந்த ஊரில் எத்தனை மரத்தைத் தின்றது என்று தெரிந்துகொள்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. மரத்தைக் காப்பாற்றுவது வேறு யாரோ செய்ய வேண்டியது போலிருக்கிறது. அந்த யாரோ இதுவரை வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியிருந்தார்கள். வண்டு முட்டையிடுவது மக்கிப்போன மரத்தில். விழுந்த தென்னை கிடந்தால் கொளுத்திவிட வேண்டும். எஸ்ரோன் இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னான். சொன்ன வாய் அவனுடையது என்பதுதான் பின்னால் அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அவனுக்கு ஒரே மகள், டோரிகா. பிறந்தபோது அவள் தொப்புள்கொடியைக் கடற்கரை ஓரமாகப் புதைத்து, மேலே ஒரு தென்னங்கன்று வைத்தார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மரம் உண்டு. அது அந்த ஆளேதான். டோரிகாவுக்குச் சின்ன வயதில் மூச்சு இழுக்கும். அந்த நாட்களில் நெல்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்காருவாள். மரம் தேறியது, பெண்ணும் தேறினாள். ஒருவருடைய மரத்துக்கு நோய் என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். சொன்னால் அது ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

டோரிகா மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஆரஞ்சு பறிக்கப் போனாள். பாதியில் திரும்பினால் மறுபடி கூப்பிடமாட்டார்கள். போகும்போது கேட்டது ஒன்றுதான். "அப்பா, ஊரான் மரத்தையெல்லாம் படம் பிடிக்கிற. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை என் மரத்த எடுத்து அனுப்பு. அங்க படுக்கையில படுத்துக்கிட்டுப் பார்த்தா, நம்ம மரத்தடியில படுத்திருக்கிற மாதிரி இருக்கும்."

அவன் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அந்த மரத்தடியில் சிக்னலும் கிடைத்தது. கோயில் விட்டதும் நேரே போய்ப் படுப்பான். எடுத்ததும் அங்கிருந்தே அனுப்புவான்.

அவள் போய் அரை வருஷத்தில் எஸ்ரோனின் அண்ணன் பெனுவேல் செத்துப்போனான். சர்க்கரை வியாதி காலைத் தின்று, பிறகு ஆளைத் தின்றது. டோரிகாவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்தான். ஊர் வழக்கப்படி, செத்தவனின் தோப்பில் சில தென்னைகளைத் தம்பிதான் வெட்டிச் சாய்க்க வேண்டும். இனி அவன் குடிக்காத இளநீரை வேறு யார் குடிப்பது என்ற துக்கம் அது. சாய்த்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். படையல் போட்டு அவனை அனுப்பிவைக்கும் வரைக்கும் அதிலிருந்து ஓர் ஓலையைக்கூட யாரும் தொடக் கூடாது. விதவையும் அதுவரை வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். படையலன்று எல்லாவற்றையும் கொளுத்துவார்கள், அவள் கடலில் முழுகி எழுந்து வருவாள்.

இரண்டு மூன்று மரம் சாய்த்தால் போதும். எஸ்ரோன் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே ஒரு முழு வரிசையை வெட்டித் தள்ளினான். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று ஊர்த்தலைவர் ஒசெயா சொன்னார். அந்த வரிசை கடற்கரைப் பக்கமிருந்தது. அதன் கடைசி மரம் விழுந்த இடத்துக்கு அடுத்து நின்றது டோரிகாவின் மரம்.

படையல் எப்போது என்று விதவைதான் சொல்ல வேண்டும். பெனுவேலின் மனைவி லெவினா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "டோரிகா வந்த பிறகு."

எஸ்ரோன் ஊரில் எல்லாரிடமும் கையெடுத்துக் கேட்டுக்கொண்டான். சாவுச் செய்தி அவளுக்குச் சொல்லியாயிற்று, படையல் அவளுக்காக நிற்பதை மட்டும் அந்தப் பெண் காதில் போடாதீர்கள், தெரிந்தால் வேலையை உதறிவிட்டு ஓடிவந்துவிடுவாள். அவளோடு பேசுகிற போன் அவன் கையில்தான் இருந்தது. ஆகவே ரகசியமும் அவன் கையிலேயே இருந்தது.

ஒரு மழைக்காலம் போயிற்று. சாய்த்த மரங்கள் நனைந்து, கறுத்து, உள்ளே மாவாக மக்க ஆரம்பித்தன. ஒரு ஞாயிறு டோரிகாவின் மரத்தடியில் படுத்துப் படமெடுத்தவன், போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தான். புதிதாக விரிந்த மட்டையில், வானத்தின் மேல் பளிச்சென்று ஒரு முக்கோணம்.

அவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அவன் வெட்டிப்போட்ட மரம். மேலே அவன் பெண்ணின் மரம். நடுவில் இவன்.

அந்த வாரம் அந்தப் படத்தை அவன் அனுப்பவில்லை. போன வாரத்துப் படத்தை அனுப்பினான். அதில் குருத்துக்கு வலப்பக்கம் ஒரு மேகம், பன்றிக்குட்டி படுத்திருக்கிற மாதிரி.

மறுநாள் கம்பியை வளைத்துக் கொக்கி செய்துகொண்டு மரத்தில் ஏறினான். குருத்தடியில் துளை, துளையில் நார்ச்சக்கை. கொக்கியை விட்டு இழுத்தால் கொம்போடு வண்டு வந்தது. நசுக்கினான். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. கீழே உற்பத்தி நடக்கும்போது மேலே பொறுக்கி என்ன ஆகும்? வண்டு பிடிக்கிற வலை கேட்டு ஆபீஸுக்கு எழுதினான். 'கிடைத்தது. நன்றி.' பாதிரியாரிடம் போனான். "ஜெபம் பண்ணலாம்" என்றார். ஒசெயாவிடம் போனான். அவர் பாக்கைக் கடித்தபடி, "படையல் நாள் அந்தப் பொம்பள கையில. நான் தலைவன்னு பேருதான். இதுல என் பேச்சு எடுபடுமா?" என்றார்.

கடைசியில் லெவினாவிடமே போனான். வாசலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்துகொண்டான். அவள் உள்ளே இருட்டில், சிக்குப் பிடித்த தலையோடு பாய் முடைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த மரங்கள கொளுத்திடலாமா?"

முடைகிற கை நின்றது. "என்ன கேட்ட?"

"வண்டு வைக்குது அண்ணி. ஊர் மரமெல்லாம் பாழாப் போகுது."

"ஒரு பூச்சிக்காக உங்க அண்ணன அவசர அவசரமா அனுப்பணுமா? டோரிகா வரட்டும். அவ கையால ஒரு வாய் கிழங்கு வைக்காம அந்த மனுஷன் எங்க போவாரு? தோள்ல ஒண்ணுக்கு இருந்த பொண்ணுய்யா அது."

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுமே."

"எனக்கு மட்டும் இந்த இருட்டுல உக்காந்திருக்க ஆசையா? நான் இருக்கலையா? மரம் கிடக்கக் கூடாதா?" கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மூணு வெட்டினா போதும்னு எல்லாரும் சொன்னாங்க. வரிசையா வெட்டிப்போட்டு அழுதது நீதானே தம்பி."

அவனிடம் பதில் ஒன்றுதான் இருந்தது: வண்டு தின்பது டோரிகாவின் மரத்தை. அதைச் சொன்னால் அவள் அந்த நிமிஷமே சரி என்றிருப்பாள். சொல்ல வாயெடுத்தான். மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த குழந்தையின் முகம் கண்ணில் வந்தது. கடல் தாண்டி, யாருமில்லாத ஊரில் ஏணிமேல் நிற்கிற பெண். மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தான்.

நெல்மாவுக்குத் தெரியும். மரத்தைப் பார்க்க யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். அவளும் வாயைத் திறக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒரே அடுப்பில் மீன் சுட்டுத் தின்றார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிறுதோறும் அவன் போனை எடுக்கும்போது அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினான். படங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், மட்டையும் வானமும்தானே என்று நினைத்தான். எத்தனையோ தோப்பை அண்ணாந்து பார்த்தவன், அந்தப் பெண் அதை எப்படிப் பார்ப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு கோயில் விட்டு மரத்தடிக்கு வந்தபோது போன் அடித்தது. டோரிகா.

"அப்பா, நல்லா இருக்கியா? அம்மா?"

"எல்லாம் நல்லா இருக்கோம்மா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அப்பா, ஒண்ணு கேக்கணும். அந்த மேகம் என்ன, ஆணியடிச்சு மாட்டியிருக்கா?"

"எந்த மேகம்?"

"பன்னிக்குட்டி மாதிரி ஒண்ணு. எத்தன மாசமா அதே இடத்துல படுத்திருக்கு."

"இங்க... காத்தே இல்லம்மா" என்றான்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"இப்ப எங்க நிக்கிற?"

"உன் மரத்தடியிலதான்."

"அப்படின்னா இப்பவே ஒண்ணு எடுத்து அனுப்பு. நான் போன வைக்கிறேன். ஏமாத்தாதப்பா."

கொஞ்ச நாளாகவே அவன் அந்த மரத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊரெல்லாம் அண்ணாந்தான் என்று கூப்பிட்ட மனிதன் அந்த ஓரிடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தான். பாதையில் மல்லாந்து படுத்தான். எடுத்தான். போனில் பார்த்தான்.

சுற்றிலும் தொங்கிப்போன பழுப்பு மட்டைகள். குருத்து இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மரத்தின் மொட்டைத் தலையும், அதற்கு மேல் நல்ல நீல வானமும்தான். ஒரு மேகம்கூட இல்லை.

அனுப்பிவிட்டான். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

கால் பக்கம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அவன் படுத்திருந்தால் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். எழுந்திருக்கச் சொல்லித் திட்டு வரும் என்று பார்த்தான். வரவில்லை. தலையைத் தூக்கினால், லெவினா. சிக்குத் தலையும் அழுக்குத் துணியுமாக, பட்டப்பகலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். படையலுக்கு முன்னால் அவள் வாசற்படி தாண்டியதே பெருங்குற்றம்.

"நெல்மா வந்து என் கால்மாட்டுல உக்காந்து அழுதா" என்றாள். "ஏன்னு கேட்டேன். சொல்லல. கையால இந்தப் பக்கத்தக் காட்டினா."

அவள் மேலே பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். யாரும் தொடக் கூடாத மரம். மக்கிய இடத்தில் கையை விட்டாள், கையளவு பொடியை அள்ளினாள். அதில் கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

"உங்க அண்ணன் மரத்துலயா?"

"ஆமா அண்ணி."

"சொல்லியிருக்கலாமே தம்பி."

"எப்படி அண்ணி சொல்லுவேன்?"

அவளுக்கும் அது தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை. புழுவைக் கீழே போட்டு மிதித்தாள், மிதித்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. இந்தத் தடவை எஸ்ரோனின் விரல் ஸ்பீக்கரில் பட்டு, பேச்சு லெவினாவுக்கும் கேட்டது. டோரிகா அழுதுகொண்டிருந்தாள்.

"மரம் எங்கப்பா? நடுவுல வெறும் வானம்தான இருக்கு?"

வேறு வழியில்லாமல் அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெட்டிய வரிசை, மக்கியது, வண்டு, அவள் வரவுக்காக நிற்கிற படையல்.

"எனக்காகவா நிறுத்தி வச்சீங்க?"

"ஆமாம்மா. பெரியம்மா உன்மேல வச்ச ஆசை அது."

"என்கிட்ட ஏன் யாரும் கேக்கல? நான் வர நாளாகும், படையலைப் போட்டுடுங்க பெரியம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே. போன்லயே சொல்லியிருப்பேனே அப்பா."

லெவினா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை இத்தனை நாளும் அவன் கையிலிருந்த போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கேட்டால் வந்திருக்கும்.

சனிக்கிழமை கொளுத்தினார்கள். படையல் சின்னதாகத்தான் நடந்தது. இரண்டு பன்றி, கல்லடுப்பில் சுட்ட மரவள்ளி, டின் மீன். டோரிகாவின் பேரைச் சொல்லி நெல்மா ஒரு வாய் கிழங்கு வைத்தாள். லெவினா கடலில் முழுகி எழுந்தாள். புகை மூன்று நாள் கரையோரமாகவே நின்றது. டோரிகா பாதியில் வரவில்லை. ஞாயிறுதோறும் பேசுகிறாள், மரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் கொஞ்சம் இருமினாள். தூசி என்றாள். நெல்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாதக் கடைசியில் எஸ்ரோன் வழக்கம்போல எல்லாத் தோப்பையும் சுற்றினான். டோரிகாவின் மரத்தையும் ஆபீஸ்காரர்கள் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்து நம்பர் அடித்திருந்தார்கள். அதையும் எடுக்காமல் விட முடியாது. மிச்சமிருந்த பழுப்பு மட்டைகளும் அதற்குள் உதிர்ந்திருந்தன. படுத்தான், எடுத்தான், மற்றதோடு சேர்த்து அனுப்பினான்.

பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வேறு மாதிரி வந்தது. நெல்மா போனை வாங்கி வாய்விட்டுப் படித்தாள்.

'ஒரு படம் தவறாக உள்ளது. மரம் தெரியவில்லை. சரியான இடத்தில் நின்று மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

"என்ன செய்யப் போற?" என்று கேட்டாள்.

"சரியான இடத்துலதான் எடுத்தேன்" என்றான் எஸ்ரோன்.

பிறகு போனை வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பாதையில் இறங்கிப் போய், அதே இடத்தில் மறுபடியும் மல்லாந்து படுத்தான்.